நொறுங்கிப்போன காருக்குப் பதிலாக ஒரு பழைய கார்: முதல்முறை வாங்குவோருக்கு

போன ஆண்டு ஒரு மழை நாளில், சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் லாரி ஒன்று பின்னால் வந்து மோதியதில் எங்கள் கார் போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பழுதுபார்க்கும் செலவு காரின் மதிப்பைத் தாண்டியதால் 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிட்டார்கள். அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டும். அந்தப் பதற்றத்தில் முதல் வாரமே ஒரு காருக்கு முன்பணம் கட்டப் போனேன். மனைவி தடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தேடியதில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கையில் என்ன வரும் என்று பாருங்கள்

டோட்டல் லாஸ் ஆனால் காப்புறுதி நிறுவனம் காரின் சந்தை மதிப்பைத் தரும். பழைய கடன் பாக்கி இருந்தால் முதலில் அது கழியும், மீதிதான் உங்களுக்கு. அவர்கள் சொல்லும் தொகையை உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். அதே மாடல், அதே ஆண்டு, அதே மாதம் பதிவான கார்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று சேகரித்து அனுப்பிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இழப்பீடு கோராமல் ஓட்டியதற்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் என்சிடி எனும் தள்ளுபடி காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. தவறு உங்கள் பக்கம் இல்லையென்றால் அது புதுக் காருக்கும் தொடரும். தவறு உங்களுடையது என்றால் 50 விழுக்காடு 20 ஆக இறங்கிவிடும். அந்தக் கூடுதல் காப்புறுதிச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

படி 2: விலையைப் பார்க்காதீர்கள், ஓர் ஆண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள்

இந்த ஊரில் நாம் காரை வாங்குவதில்லை, சிஓஇயில், அதாவது காரை 10 ஆண்டு வைத்திருக்க உரிமை தரும் சான்றிதழில், மிச்சம் இருக்கும் ஆண்டுகளைத்தான் வாங்குகிறோம். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. ஒரு காரின் விலை 72,000 வெள்ளி, சிஓஇ இன்னும் 5 ஆண்டு. முதலில் பதிவானபோது ஏஆர்எஃப் எனும் கூடுதல் பதிவு வரி 14,000 வெள்ளி கட்டியிருக்கிறார்கள். பழைய விதிப்படி பதிவான கார் என்றால், 10ஆம் ஆண்டு முடிவில் பதிவை நீக்கும்போது அதில் பாதி, அதாவது 7,000 வெள்ளி, பார்ஃப் தள்ளுபடியாகத் திரும்பி வரும். 72,000இலிருந்து 7,000ஐக் கழித்து 5ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 13,000 வெள்ளி. இதைத்தான் விற்பவர்கள் 'டெப்ரி' என்கிறார்கள். பார்ஃப் விதி காரின் பதிவுத் தேதியைப் பொறுத்து மாறும். அதனால் அந்தக் குறிப்பிட்ட காருக்கு எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு கார் 69,000 வெள்ளி, 10 ஆண்டு முடிந்து சிஓஇ புதுப்பித்தது, இன்னும் 6 ஆண்டு ஓடலாம். புதுப்பித்த காருக்குப் பார்ஃப் கிடையாது. 69,000ஐ 6ஆல் வகுத்தால் 11,500. மலிவாகத் தெரிகிறதல்லவா? ஆனால் 10 ஆண்டு தாண்டிய காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி 50 விழுக்காடு வரை கூடும். 1600 சிசி பெட்ரோல் காருக்கு ஆண்டுக்குச் சுமார் 740 வெள்ளியாக இருந்த வரி 1,100க்கு மேல் போகும். பரிசோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது ஆண்டுதோறும் என்றாகும். சில காப்புறுதி நிறுவனங்கள் முழுக் காப்புறுதி தரத் தயங்கும். 5 ஆண்டுக்கு மட்டும் புதுப்பித்திருந்தால், அது முடிந்ததும் காரை விட்டுவிடத்தான் வேண்டும், மறுபடி நீட்டிக்க முடியாது.

இத்தனையும் சேர்த்துப் பார்த்த பிறகு நான் 5 ஆண்டு மிச்சமிருந்த காரையே எடுத்தேன். நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி வழியில் நிற்கக்கூடாது என்பது எனக்கு முக்கியமாக இருந்தது.

சிவப்பு நம்பர் பலகை உள்ள கார் மலிவாகக் கிடைத்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தக் காரை வார நாளில் காலை 7 முதல் மாலை 7 வரை ஓட்ட 20 வெள்ளிக்கு நாள் உரிமம் எடுக்க வேண்டும்.

படி 3: கடன்

காரின் ஓஎம்வி, அதாவது வரிகளுக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு, 20,000 வெள்ளி வரை என்றால் விலையில் 70 விழுக்காடு வரை கடன் கிடைக்கும், அதற்கு மேல் என்றால் 60. அதிகபட்சம் 7 ஆண்டு. 72,000 வெள்ளிக் காருக்குக் கையிலிருந்து குறைந்தது 21,600 தேவை. விற்பவர் சொல்லும் கடனோடு வங்கிக் கடனையும் ஒப்பிடுங்கள்.

படி 4: தாள்கள்

சாதாரணமான மாடலையே தேடுங்கள். டொயோட்டா வியோஸ், ஆல்டிஸ், ஹோண்டா ஃபிட், மஸ்டா 3 போன்றவை ஊரெங்கும் ஓடுவதால் உதிரிப்பாகமும் தெரிந்த மெக்கானிக்கும் எந்தப் பட்டறையிலும் கிடைப்பார்கள். மாடலை முடிவு செய்துவிட்டுக் காரைப் பார்க்கப் போகும் முன் வாகனப் பதிவு அட்டையின் நகலைக் கேளுங்கள். முதல் பதிவுத் தேதி, சிஓஇ முடியும் தேதி, எத்தனை முறை கைமாறியது எல்லாம் அதில் இருக்கும். வாடகைக்கோ தனியார் வாடகைச் சேவைக்கோ ஓடியதா என்று நேரடியாகக் கேளுங்கள். சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டர் வரிசையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். ரசீதே இல்லை என்று சொன்ன இரண்டு கார்களை நான் பார்க்கவே போகவில்லை.

படி 5: காரை நேரில் பார்ப்பது

எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன் இருக்கிறார், கார் பட்டறைகள் நிறைந்த சின் மிங் வட்டாரத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவர். "தம்பி, காலையிலேயே போ. நீ வர்றதுக்கு முன்னாடி எஞ்சினை ஓட விட வேண்டாம்னு சொல்லி வை" என்றார். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் கடகடச் சத்தமும் புகையும் தெரியும். ஏற்கெனவே சூடாகியிருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் கலந்த காப்பி நிறத்தில் பிசுக்கு இருந்தால், குளிர்விப்பு நீர் ஆயிலில் கலந்திருக்கலாம். பானெட் கீல்களின் போல்ட் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் அதைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பின்னால் பொருள் வைக்கும் பகுதியைத் திறந்து விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரக் குழியைத் தடவிப் பாருங்கள். தகடு சுருங்கியோ புதிதாகப் பெயிண்ட் அடித்தோ இருந்தால் பின்பக்கம் பலமாக அடி வாங்கிய கார். என் பழைய கார் அப்படிச் சுருங்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்ததால், இந்த ஒன்றை நான் ஒருபோதும் விடமாட்டேன்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். பலமாடி கார் நிறுத்துமிடம் இதற்கு நல்ல இடம். ஏற்றத்தில் நிறுத்தி மெதுவாகக் கிளப்பினால் கியர் பெட்டி அதிர்கிறதா, பின்வாங்குகிறதா என்று தெரியும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெல்ல ஓட்டும்போது டக் டக் என்று கேட்டால் அச்சு மூட்டு தேய்ந்திருக்கலாம். ஏர்கானை முழு வேகத்தில் வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள்.

படி 6: வேறொருவரின் கண்

பிடித்திருந்தால் நடுநிலையான பரிசோதனை நிலையத்தில் வாங்குவதற்கு முந்தைய சோதனை செய்யுங்கள். விக்காம், எஸ்டிஏ போன்ற இடங்களில் செய்கிறார்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

படி 7: ஒப்பந்தம், பெயர் மாற்றம்

முன்பணம் கட்டும் முன் காப்புறுதி விலையைக் கேட்டுவிடுங்கள். சோதனையில் பெரிய கோளாறு தெரிந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ முன்பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம், வணிகரிடம் வாங்கும் பழைய காருக்கும் பொருந்தும். ஒப்படைத்த 6 மாதத்துக்குள் தெரியும் கோளாறு முதலிலேயே இருந்தது என்றே பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் அங்கே விலை கொஞ்சம் குறைந்தே ஆக வேண்டும்.

பெயர் மாற்றம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் இணையத்தளத்தில், சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னிலக்க அடையாளம் வழியாக நடக்கும். அதற்குமுன் உங்கள் பெயரில் காப்புறுதி தயாராக இருக்க வேண்டும், விற்பவரின் கடன் அடைந்திருக்க வேண்டும்.

முதல் வாரம்

விலை போக 1,500 வெள்ளியாவது தனியாக வைத்திருங்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் திரவம், குளிர்விப்பு நீர், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து காரிலேயே வையுங்கள். பேட்டரி எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் அதையும் மாற்றிவிடுங்கள். எங்கள் காரில் நான் மாற்றிய முதல் பொருள் அதுதான். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.