வெக்கையில் விளையும் இஞ்சிப் பியர்: முதன்முறை செய்பவர்களுக்கு

மெல்லிய ஜேர்மன் லாகர் பியரை வீட்டில் காய்ச்சலாமா என்று கேட்டால், மட்டக்களப்பில் வேண்டாம் என்பேன். அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்ச மதுவரிச் சட்டம் விடாது. சட்டம் விட்டாலும் வெக்கை விடாது. லாகரைப் புளிக்க வைக்கும் ஈஸ்டுக்கு 8 முதல் 13 பாகைக் குளிர் வேண்டும், பிறகு வாரக்கணக்கில் உறைநிலைக்குக் கிட்டக் கிடக்கவேண்டும். பவேரியாவிலேயே கோடையில் அது பெரும்பாடு. 1870களில் ஜேர்மன் பொறியியலாளர் கார்ல் ஃபொன் லிண்டே குளிரூட்டும் இயந்திரம் செய்து கொடுத்ததும் அங்குள்ள பியர் ஆலைகளுக்குத்தான்.

இஞ்சிப் பியருக்கு நம்முடைய 30 பாகை தோதானது. ஆனால் போத்தலை வெடிக்க வைப்பதும் அதே 30 பாகைதான். அதனால் எப்படிப் புளிக்க வைப்பது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதைக் கவனமாக வாசியுங்கள்.

முதலில் உறை (பானத்தைப் புளிக்க வைக்கும் கலவை)

அகன்ற வாய்ப் போத்தலில் ஒன்றரைக் கோப்பை தண்ணீர் விடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆற்றியது. குளோரின் இருந்தால் நுண்ணுயிர் வளராது. வாவிக் கரைப் பக்கத்துக் கிணறுகளில் சவர் இருக்கும், அது சரிவராது. ஒரு மேசைக்கரண்டி இஞ்சியைத் தோலோடு துருவிப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி சீனி சேர்த்துக் கலக்கி, மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள். தோலைச் சீவ வேண்டாம், ஈஸ்ட் இருப்பதே அதில்தான். மண் போகக் கழுவினால் போதும்.

தினமும் அதே அளவு இஞ்சியும் சீனியும் போட்டுக் கலக்குங்கள். குளிர்நாட்டில் ஒரு வாரம் எடுப்பது இங்கே மூன்று நான்கு நாளில் வந்துவிடும். கரண்டி விட்டதும் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும். இஞ்சித் துருவல் மேலே மிதக்க, இடையிடையே சின்னக் குமிழிகள் ஏறும். மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் தெரிந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள், மேலாப்பில் வழித்தெடுத்துப் பாவிக்கிற வேலை வேண்டாம். எறும்புக்குத் தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் வையுங்கள்.

பானம் (2 லீற்றர்)

100 கிராம் இஞ்சியைத் துருவி, 200 கிராம் சீனியுடன் ஒரு லீற்றர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்க வையுங்கள். எனக்குச் சிவப்புச் சீனிதான் விருப்பம். அம்பாறை ஹிங்குராணைப் பக்கம் கரும்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு வெள்ளைச் சீனியைத் தேடுவானேன்? இரண்டு கராம்பு போடலாம், அதற்குமேல் போட்டால் கஷாயம்.

வடித்து, கொதித்து ஆறிய இன்னொரு லீற்றர் தண்ணீர் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிடுங்கள். சூட்டோடு உறையை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். ஆறியபின் மூன்று தேசிக்காய்ப் புளியும், வடித்த உறையில் அரைக் கோப்பையும் விட்டுக் கலக்குங்கள்.

போத்தல்

கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் சோடாப் போத்தலைச் சுடுதண்ணியில் கழுவி, மேலே மூன்று விரல் இடம் விட்டு நிரப்பி மூடி இறுக்குங்கள். நிழலில் வைத்து, காலையும் மாலையும் பக்கத்தை அமுக்கிப் பாருங்கள். முதலில் விரல் உள்ளே போகும். காற்றடித்த சைக்கிள் ரியூப் மாதிரி இறுகியதும் அந்த நிமிடமே பிரிட்ஜுக்குள் வையுங்கள். வெயில் காலத்தில் இதற்கு ஒரு நாளே போதும், மாரியில் இரண்டு நாள் ஆகலாம். மணிக்கூட்டை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். கரண்ட் நின்று நெடுநேரம் ஆனால் திரும்பவும் அமுக்கிப் பார்த்து, கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள்.

ஓரிரவு நன்றாகக் குளிர்ந்தபின் தொட்டிக்கு மேல் பிடித்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். ஒரு வாரத்துக்குள் குடித்து முடிக்கவும். நாளாக ஆக இனிப்புக் குறைந்து புளிப்பு ஏறும்.

புளிக்கும் எதிலும் போல இதிலும் சிறிதளவு மதுசாரம் உண்டாகும். மதுவைத் தவிர்ப்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு உறை சேர்க்காத இஞ்சிச் சாற்றில் கடைச் சோடா விட்டுக் கொடுங்கள், ருசி கிட்டத்தட்ட வரும்.

மிஞ்சிய உறையில் எடுத்த அளவு தண்ணீரை விட்டு பிரிட்ஜில் வைத்து, வாரம் ஒருமுறை ஒரு கரண்டி இஞ்சியும் சீனியும் போட்டு வந்தால் அடுத்த தடவைக்கு ஆகும். எடுப்பதற்கு முதல் நாள் வெளியே வைத்துவிடுங்கள்.