பாடசாலையா படைப்பாற்றலைக் கெடுக்கிறது? கொழும்புப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வளரும் பிள்ளையிடம் தாளும் பஸ்டலும் கொடுத்து, "விருப்பமானதைக் கீறு" என்று சொல்லிப் பாருங்கள். அனேகமாக இரண்டு மலை வரும். நடுவில் அரைச் சூரியன், மலையடியில் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. அந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். கடலோரம் தண்டவாளம், ரயில் கதவில் தொங்கிக்கொண்டு போகும் சனம், எதிர் மாடியில் காயும் உடுப்புகள். படத்தில் இதில் ஒன்றுகூட இருக்காது.

இதைப் பார்த்ததும் "எல்லாம் இந்தப் பள்ளிக்கூடப் படிப்பு செய்கிற வேலை" என்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்த இரண்டு மலையைக் கீறச் சொல்லி எந்தப் பாடத்திட்டமும் கேட்கவில்லை. வீட்டில் ஓர் அக்காவோ பின்னேர வகுப்பு ஆசிரியரோ "இப்படிக் கீறினால் வடிவாய் வரும்" என்று ஒரு தடவை காட்டியிருப்பார்கள். பாராட்டும் கிடைத்திருக்கும். அதன் பிறகு எதைக் கீறலாம் என்று அந்தப் பிள்ளை யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

படைப்பாற்றல் வளர வேண்டுமானால் பிள்ளைக்குத் தானாக முடிவெடுக்க இடம் வேண்டும். எதைச் சொல்வது, எங்கே தொடங்குவது, எதை விடுவது, பிழைத்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் பிள்ளையே தீர்மானித்துப் பழக வேண்டும். பாடசாலை சில வேளை அந்த இடத்தைக் கொடுக்கிறது, சில வேளை பறிக்கிறது. கொழும்பில் அதைவிடக் கூடுதலாகப் பறிப்பவர்கள் பெற்றோரும் டியூஷன்காரரும்தான் என்பது என் அபிப்பிராயம். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம், அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

வாட்ஸப்பில் வந்ததை நம்பிவிடுவது

"ஐந்து வயதில் 98 சதவீதமான பிள்ளைகள் மேதைகள், பெரியவர்களானதும் 2 சதவீதம்தான். இடையில் பள்ளிக்கூடம் கெடுத்துவிட்டது. நாசாவே சொல்லியிருக்கிறது." இந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். ஜோர்ஜ் லாண்ட் என்ற அமெரிக்கர் சொன்ன கணக்கு இது. வயது ஏற ஏறப் புள்ளி குறைந்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். குறைத்தது பாடசாலைதான் என்று சொல்ல, பாடசாலைக்கே போகாத பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமல்லவா? பல் விழுவதும் பாடசாலைக் காலத்தில்தான் நடக்கிறது.

இதைவிட யோசிக்க வைப்பது பீசா 2022. பதினைந்து வயது மாணவர்களிடம் நடக்கும் இந்தச் சர்வதேச ஆய்வில் அந்த ஆண்டுதான் முதன்முதலாகப் படைப்புச் சிந்தனையையும் சோதித்தார்கள். முடிவு 2024 இல் வந்தது. அறுபது புள்ளிக்கு 41 எடுத்து முதலிடத்தில் நின்றது சிங்கப்பூர். பன்னிரண்டு வயதில் நாடு முழுக்க ஒரு பரீட்சை வைத்து, அதன்படி இடைநிலைப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாடு அது. எங்கள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குக் கொஞ்சமும் குறையாத பதற்றம் அங்கேயும் உண்டு. பரீட்சை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பரீட்சை இருக்கிற இடத்தில் படைப்பாற்றல் சாகத்தான் வேண்டும் என்ற வாதம் நிற்காது, அவ்வளவுதான். கணிதத்தில் அடிப்படை மட்டத்தைக்கூட எட்டாத மாணவர்களில் மிகச் சிலரே படைப்புச் சிந்தனையில் உயர்ந்த நிலைக்கு வந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. கணிதத்தில் முதல் வரிசையில் நிற்கவும் தேவையில்லை. நடுத்தரமாகச் செய்தவர்கள் பலர் படைப்பில் மேலே வந்திருக்கிறார்கள்.

பாடமாக்குவதைப் பழிப்பது

மேலே சொன்னதோடு ஒட்டியது இது. "என் பிள்ளைக்கு மனனம் வேண்டாம், கிரியேட்டிவ்வாக வளரட்டும்" என்று சொல்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. மனதில் ஒன்றும் இல்லாமல் எதை வைத்துப் படைப்பது? சுவாமி விபுலானந்தரைப் பாருங்கள். காரைதீவில் பிறந்து, கொழும்பில் ஆசிரியர் பயிற்சி பெற்று, இங்கேயே தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் என்று வரிசையாகப் பரீட்சை எழுதித் தேறியவர். 1947 இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலைப் பரீட்சைக்குப் படித்த எதுவும் தடுக்கவில்லை. சிலப்பதிகாரத்து இசைக் குறிப்புகளைத் தமிழறிவால் வாசித்து, சுரங்களுக்கிடையிலான விகிதங்களைக் கணக்கால் பிடித்து, அழிந்துபோன ஒரு வாத்தியத்தை மீட்டெடுக்கப் பார்த்தார். இரண்டு படிப்பும் ஒரே தலைக்குள் இருந்ததால் வந்த யோசனை அது.

தேவாரத்தையும் வாய்ப்பாட்டையும் பாடமாக்கட்டும். பிறர் எழுதிய விடையைப் பாடமாக்குவதுதான் பிரச்சினை.

மாதிரிக் கட்டுரை

இங்கேதான் பெரிய சேதம் நடக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "நான் ஒரு புத்தகப்பை பேசுகிறேன்" என்ற தலைப்பு யாருக்குத் தெரியாது? கற்பனையை வளர்க்கவே இப்படிப்பட்ட தலைப்புகளைக் கொடுக்கிறார்கள். ஆனால் வகுப்பில் நாற்பது பேரின் கொப்பியையும் திறந்தால் நாற்பது பையும் ஒரே தொழிற்சாலையில் பிறக்கும், ஒரே கடையில் தொங்கும், ஒரு நல்ல பிள்ளை வாங்கும், பிறகு வார் அறுந்து குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் விடும். குடை பேசினாலும் அப்படித்தான், நூறு ரூபாய் நோட்டு பேசினாலும் அப்படித்தான். மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தில் ஒருவர் எழுதியதை டியூஷன் நோட்ஸ் எடுத்துக்கொள்கிறது, நோட்ஸை அம்மா ஒப்புவிக்கச் சொல்கிறார். தலைப்பில் பிழையில்லை, பாடத்திட்டத்திலும் பிழையில்லை. யோசிக்கச் சொல்லிக் கேட்ட ஓர் இடத்தை நாங்களே அடைத்துவிட்டோம்.

பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, இப்போது போய்ப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் தரம் மூன்றிலோ ஏழிலோ தொடங்குங்கள். எழுதுவதற்கு முன் பிள்ளையிடம் சில கேள்விகள் மட்டும் கேளுங்கள். அந்த நூறு ரூபாய் நோட்டு எந்த வீதியில் கைமாறியது? கடைசியாக யாருடைய கையில் இருந்தது? அந்த ஆளில் என்ன மணம் வந்தது? காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசு கொடுக்காமல் விட்டதை எழுதிய பிள்ளையின் கட்டுரையில் இலக்கணப் பிழை பத்து இருக்கலாம். முதல் வாசிப்பில் சிவப்புப் பேனையைத் தொடாதீர்கள். "பிறகு அந்த மாமா என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். பிள்ளை தானாக இன்னும் நாலு வரி எழுதும். ர, ற பிழையை அடுத்த நாள் திருத்தலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. புள்ளித்திட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும், நாற்பது கொப்பி திருத்தவும் வேண்டும், தெரியும். ஆனாலும் தவணையில் ஒரு கட்டுரைக்காவது புள்ளி போடாமல், "நீ எழுதியதில் எனக்குப் புதிதாக இருந்தது இது" என்று ஒரே ஒரு வரியை அடிக்கோடிட்டுக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஒப்படையைக் கடைக்காரரிடம் ஒப்படைப்பது

பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று வந்ததே பிள்ளை தேடி, பார்த்து, செய்து படிக்கட்டும் என்பதற்காக. நடைமுறையில் பெரும்பாலும் அப்பா இரவு எட்டு மணிக்குப் பக்கத்துக் கொமியுனிகேஷன் கடையில் நிற்கிறார். தலைப்பைச் சொன்னால் கடைக்காரத் தம்பி இணையத்தில் எடுத்து, கலரில் அடித்து, பைண்ட் பண்ணியும் தருவார். அட்டையில் பெயர் எழுதுவது மட்டும் பிள்ளையின் பங்கு. கோணலாக ஒட்டிய பிரிஸ்டல் போர்ட்டுக்குப் புள்ளி குறைந்தால் குறையட்டும். அந்தக் கோணல் பிள்ளையுடையது.

கலையையும் இன்னொரு டியூஷன் ஆக்குவது

"எங்கள் பிள்ளைக்குப் படிப்பு மட்டுமில்லை, பரதமும் வயலினும் போகிறாள்" என்பார்கள். சந்தோஷம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் ஒரு பக்கம், தமிழ்மொழித் தினப் போட்டி இன்னொரு பக்கம். வலயம், மாகாணம், தேசிய மட்டம் என்று அது ஏறிக்கொண்டே போகும். இவற்றால் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒழுங்கான பயிற்சியும் மேடையும் கிடைத்திருக்கின்றன, இதை மறுப்பவன் நானல்ல. ஆனால் பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளையின் பேச்சை எழுதியது யார்? கை எந்தச் சொல்லில் உயர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது யார்? மேடையில் நிற்பது பிள்ளை, பேசுவது பெரும்பாலும் பெரியப்பாவோ ஆசிரியரோதான்.

சான்றிதழ் ஆசைக்கும் ஒரு விலை உண்டு. 1973 இல் லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்ற மூவர் கீறுவதில் விருப்பமான பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரிடம் "கீறினால் பரிசு உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் கடைசியில் பரிசு கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பரிசே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சும்மா விளையாட விட்டபோது, பரிசுக்காகக் கீறிய பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. ஆகவே பரிசு கொடுங்கள், முன்கூட்டியே ஆசை காட்டாதீர்கள். பரீட்சைக்கும் போட்டிக்கும் சம்பந்தமில்லாத ஒரு பாட்டை, ஒரு ஆட்டத்தை வைத்துக்கொள்ள விடுங்கள். அதைத் தவறாக ஆடினாலும் பரவாயில்லை.

பாடசாலையை மாற்றினால் சரியாகும் என்று நினைப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வதேசப் பாடசாலைக்கு மாற்றினால் பிள்ளை சுயமாகச் சிந்திக்கும் என்று கடன் பட்டுச் சேர்ப்பவர்கள் கொழும்பில் நிறைய. அங்கேயும் லண்டன் பரீட்சை இருக்கிறது, அதற்கும் பாஸ்ட் பேப்பர் இருக்கிறது, அந்தப் பாஸ்ட் பேப்பருக்கும் டியூஷன் இருக்கிறது. ஆங்கிலம் வரும் என்பது வேறு கதை.

அரசாங்கக் கல்வித் துறை என்றாலே கலைக்கு எதிரி என்று நினைப்பவர்களுக்கு இந்த ஊரின் பழைய கதை ஒன்று. 1920களில் கல்வித் திணைக்களத்தில் சித்திரப் பாடத்துக்குப் பிரதம பரிசோதகராக இருந்தவர் சி. எஃப். வின்ஸர். பாடசாலைகளை மேற்பார்வை செய்த அதே மனிதர்தான் ஜோர்ஜ் கீற் போன்ற இளம் ஓவியர்களுக்கு ஊக்கம் கொடுத்தார். 1943 இல் கொழும்பில் உருவான 43 குழு என்ற ஓவியர் அமைப்பு அந்த வழியில் வந்தது. வின்ஸரைப் போலவே பின்னர் தானும் சித்திரப் பரிசோதகரான பீலிங் அந்தக் குழுவில் ஒருவர். யாழ்ப்பாணத்தில் ஓவிய ஆசிரியர்கள் கூடித் தொடங்கிய கழகத்துக்கு வின்ஸரின் பெயரையே வைத்தார்கள். 43 குழுவின் ஓவியங்கள் இன்றும் கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் மன்றத்தில் தொங்குகின்றன. ஒரு விடுமுறை நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே போய் "இது என்ன அர்த்தம்" என்று விளக்கம் சொல்ல மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.

பாடத் தெரிவில் கோட்டை விடுவது

தரம் ஒன்பது முடியும்போது வரும் தவறு இது. ஆறிலிருந்து ஒன்பது வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்று ஏதோ ஓர் அழகியல் பாடம் எல்லாருக்கும் உண்டு. ஓ.எல் பரீட்சையிலும் இரண்டாம் தொகுதியில் ஒரு கலைப் பாடத்தையோ இலக்கிய நயத்தையோ எடுத்தே ஆக வேண்டும். விஞ்ஞானம் படிக்கப் போகிற பிள்ளைக்கும் இதே விதிதான். முறைசார் கல்வி எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்திருக்கிற கதவு அது. அந்த இடத்தில் வீட்டில் கேட்கப்படும் ஒரே கேள்வி, "எதில் லேசாக ஏ எடுக்கலாம்?" கொஞ்சம் நாடகப் பைத்தியம் உள்ள பிள்ளை, பக்கத்து வீட்டு அக்கா ஏ எடுத்த பாடத்துக்குப் போய்விடும். பிறகு இரண்டு வருடம் அந்தப் பாடவேளையில் அது கணித பாஸ்ட் பேப்பர் செய்துகொண்டிருக்கும்.

படிவம் வீட்டுக்கு வரும்போது அந்த ஒரு கட்டத்தை மட்டும் பிள்ளையே நிரப்பட்டும். அதற்கு முன் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் நாளில், புள்ளியையும் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதையும் கேட்ட பிறகு, அழகியல் பாட ஆசிரியரையும் தேடிப் போய் என் பிள்ளை உங்கள் வகுப்பில் என்ன செய்கிறான் என்று கேட்டு வாருங்கள். அந்த மேசைக்கு முன்னால் வழக்கமாக வரிசை இருக்காது.