உப்பு வேறு, கடினத்தன்மை வேறு: ராமநாதபுரம் கடலோரத்தில் ரெயின்போ மீன் வளர்ப்பு

"ரெயின்போ மீனுக்குக் கடின நீர் பிடிக்கும் என்கிறார்கள். எங்கள் போர்த் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. அப்படியே தொட்டியில் ஊற்றிவிடலாமா?" கீழக்கரை, தங்கச்சிமடம் பக்கத்து நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. அளந்து பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

தொட்டி நான்கு அடி நீளமாவது இருக்கட்டும். ரெயின்போ மீன்கள் ஓயாமல் நீந்துபவை, துள்ளவும் செய்யும். ஆகவே மூடி கட்டாயம். ஆறு மீன்களுக்குக் குறைத்து வாங்க வேண்டாம். ஃபில்டரைப் பழக்குவது, அதாவது மீன் விடுமுன் அதில் நல்ல பாக்டீரியாக்களை வளரவிடுவது, எல்லா மீன்களுக்கும் போலத்தான்.

முதலில் வாங்க ஏற்றது போயிசெமானி என்ற ரெயின்போ வகை. இந்தோனேசியப் பாப்புவாவில், சுண்ணாம்புப் பாறைப் பகுதியிலுள்ள ஆயமாரு ஏரிகள் அதன் சொந்த இடம். ஜிஎச் (நீரின் கடினத்தன்மையைக் காட்டும் எண்) 10 முதல் 15, பிஎச் (அமில, கார அளவு) 7.5 முதல் 8 வரை இருந்தால் போதும். கடையில் சாம்பல் பூத்த குஞ்சாகத்தான் கிடைக்கும். வளர்ந்த ஆணுக்கு முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. நிறம் ஏற மாதக்கணக்கில் ஆகும், பொறுத்திருங்கள். குட்டை நியான் ரெயின்போ இதைவிட மென்மையான நீரில் வாழ்வது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி அளவு. என்னை அதிக நாள் அலைக்கழித்த படி இதுதான். டிடிஎஸ் பேனா தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். கடினத்தன்மை என்பது அதில் கால்சியமும் மக்னீசியமும் மட்டும். அதற்குச் சொட்டு மருந்து ஜிஎச் கிட் வாங்குங்கள். நீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டைக் காகிதம் நம் கடலோர ஈரக்காற்றில் சீக்கிரம் கெட்டுவிடுகிறது. நான் அதைத் தொடுவதே இல்லை.

குப்பியில் 5 மில்லி நீர் எடுத்து ஒரு சொட்டு விட்டுக் குலுக்குங்கள். ஆரஞ்சு நிறம் வரும். எண்ணிக்கொண்டே சொட்டு விடுங்கள். பச்சையாக மாறும் சொட்டின் எண்தான் ஜிஎச். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும். எல்லா கிட்டிலும் நிறம் ஒன்றுபோல் இராது, உறையில் இருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த எண்ணை 18ஆல் பெருக்கினால், பேனா காட்டும் அதே பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அளவு கிடைக்கும். ஜிஎச் 20 என்றால் 360 பிபிஎம். பேனாவும் ஐந்நூறு, அறுநூறு காட்டினால் நல்ல கடின நீர். பேனா 2,000 காட்டினால் மீதியில் பெரும்பகுதி, நம் கரையில், சோற்றுப்பு. அந்தப் போரை மீனுக்கு மறந்துவிடுங்கள்.

உப்பு குறைவாக, ஜிஎச் மட்டும் 30 என்றால் ஒரு பங்கு போர்த் தண்ணீருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. நீர் அல்லது மழைநீர் கலந்தால் 10க்கு வந்துவிடும். போர் உதவாத வீட்டில் ஆர்.ஓ. நீரிலோ காவிரிக் குழாய்த் தண்ணீரிலோ தொடங்குங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் முதலில் குளோரினை நீக்க வேண்டும். சோடியம் தயோசல்பேட் போதும். பிறகு கோழித்தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் நொறுக்கைக் கழுவி, வலைப்பையில் கட்டி, ஃபில்டரில் நீர் பாயும் இடத்தில் வையுங்கள். ஒரு துண்டில் வினிகர் விட்டால் நுரைக்க வேண்டும். மெதுவாகத்தான் கரையும், நீர் காரத்தன்மை அடைந்ததும் கரைவது தானாகவே மட்டுப்படும். மீன் விடுவதற்கு முன்பே இதைச் செய்து, எண் நிலைத்துவிட்டதா என்று பாருங்கள்.

பவளக்கல் போடச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். கரையில் ஒதுங்கிய செத்த பவளமாக இருந்தாலும் எடுக்காதீர்கள். பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் பக்கத்திலேயே வாழும் நாம் அதைக் காக்காமல் யார் காப்பது?

வாரம் கால்பங்கு நீர் மாற்றும்போது அதே கலவையை ஊற்றுங்கள். வெயிலில் ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட மட்டும் வெறும் ஆர்.ஓ. நீர். நீர்தான் ஆவியாகிறது, கரைந்தவை தொட்டியிலேயே தங்குகின்றன. மீண்டும் போர்த் தண்ணீரை ஊற்றினால் எண் ஏறிக்கொண்டே போகும்.

பின்சேர்க்கை: ஜிஎச் பூஜ்யம், பேனாவில் 1,500 என்று ஒரு வாசகர் குழம்பி எழுதியிருந்தார். அவர் வீட்டு மாடித் தொட்டிக்கு முன்னால் சாஃப்ட்னர் இருக்கிறது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். சோப்பு நன்றாக நுரைக்கும், மீனுக்கோ கால்சியம் கிடைக்காது. உங்கள் வீட்டிலும் சாஃப்ட்னர் இருந்தால், அதற்கு முந்தைய குழாயில் நீர் பிடித்து மறுபடி அளந்து பாருங்கள்.