மோட்டார் ரூமில் டீசல் கேன்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆத்தோரம் நமக்கு வாழைத்தோட்டம். கரண்ட் நின்னா டீசல் எஞ்சின்தான் தண்ணி பாய்ச்சணும். அதனால எப்பவும் நாப்பது லிட்டர் பக்கம் டீசல் கையில் இருக்கும். வீட்டுத் திரி அடுப்புக்கும் அரிக்கேனுக்கும் அஞ்சு லிட்டர் மண்ணெண்ணெய். எல்லாம் பிளாஸ்டிக் கேன்தான். தகர டின் இந்த ஆத்தங்கரை ஈரத்துக்கு ரெண்டு மழைக்காலம் தாங்காது, அடி துருப்பிடிச்சு ஒழுகும்.

கேனைக் கவுத்துப் பாருங்க. முக்கோணத்துக்குள்ள 2-ன்னு போட்டிருந்தா கெட்டிப் பாலித்தீன், அதான் வேணும். 1-ன்னு இருந்தா அது தண்ணி பாட்டில் சாதி, வேண்டாம். பூச்சிமருந்து வந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் தொடாதீங்க. புதுசு வாங்கினதும் தண்ணி ரொப்பி, மூடியை இறுக்கி, ராத்திரி முழுக்கத் தலைகீழா வைக்கணும். காலையில் தரை நனைஞ்சிருந்தா கடைக்கே திருப்பிக் கொடுத்திருங்க. தப்பிச்ச கேனை நல்லா காயவச்ச பிறகுதான் டீசல். உள்ள தண்ணி நின்னா எஞ்சின் இருமும்.

பெட்ரோல் பங்கில் டீசல் பிடிக்கும்போது கேனை வண்டியிலயே வச்சுக்கிட்டு நிக்காதீங்க, இறக்கித் தரையில் வைங்க. பிளாஸ்டிக்கில் தேங்குற நிலைமின்சாரம் ஒரு பொறி விட்டா போதும். கழுத்து வரைக்கும் ரொப்பவும் கூடாது. இருபது லிட்டர் கேனுக்குப் பத்தொன்பதோட நிறுத்திக்கோங்க. சூட்டில் எண்ணெய் விரியும், கேன் பலாக்காய் மாதிரி உப்பும்.

சூடுன்னதும் நம்ம சித்திரை வெயில் ஞாபகம் வருது. மண்ணெண்ணெய், டீசல் ரெண்டுக்கும் 35 டிகிரிக்குக் கீழே ஆவி தீப்பத்தக் கூடாதுங்கறது நம்ம நாட்டுத் தரக்கணக்கு. அதுக்கு மேலே போனா உத்தரவாதம் கிடையாது. தகரக்கூரை போட்ட மோட்டார் ரூமுக்குள்ள மத்தியானம் போய் நின்னு பாருங்க, அந்தக் கணக்கு எப்பவோ தாண்டியிருக்கும். அதனால என் கேன்கள் வடக்குச் சுவரோரம், வேப்பமர நிழல் விழுற மூலையில், காத்து வர ஜன்னலுக்குக் கீழே இருக்கு. எஞ்சின், சுவிட்ச் போர்டு, பீடி மூணும் எதிர்மூலையோட சரி. வெயில் படுற கேன் வெளுத்து, பிறகு அப்பளமா நொறுங்கும்.

பெட்ரோலை மட்டும் பிளாஸ்டிக்கில் வைக்காதீங்க. வீட்டில் வைக்கிற சின்ன அளவுக்குக்கூட 1934-ஆம் வருசத்துப் பெட்ரோலியச் சட்டம் கண்ணாடி, பீங்கான், உலோகம் இம்புட்டுதான் சொல்லுது.

இப்ப சொல்லப்போறதுக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். எங்க சித்தி மண்ணெண்ணெயைக் கலர் சோடா பாட்டிலில் ஊத்தி அடுப்படி ஜன்னலில் வச்சிருந்தாவ. ரெண்டு வயசுப் பேரன் கலர்னு நினைச்சு ஒரு வாய் குடிச்சிட்டான். பதறிப்போய் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வச்சாவ. அதான் பெரிய தப்பு. வெளியே வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள்ள இறங்கிரும். பிள்ளை பத்து நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக் கிடந்தான். யாராச்சும் குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காம, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. அன்னையிலிருந்து எங்க வீட்டில் குடிக்கிற பாட்டிலில் எண்ணெய் ஏறுறதில்லை. கேனில் சிவப்புப் பெயிண்டால் பேரு, வாங்கின மாசம் ரெண்டும் இருக்கும். டீசலை ஆறு மாசத்துக்கு மேலே கிடப்பில் போடுறதில்லை, பழசை முதல்ல எடுத்து ஊத்திருவேன்.

கேன்களுக்குப் பக்கத்தில் ரெண்டு வாளி மணல். தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்கடே, எண்ணெய் தண்ணிமேலே மிதந்து தீயோட ஊர்வலம் போகும்.

மிதக்கிறதுன்னா இன்னொண்ணு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தோட்டம் முங்கிச்சு. ரொம்பின கேன் கனமாச்சே, கிடக்கும்னு நினைச்சேன். டீசல் தண்ணியைவிட லேசு, லிட்டர் 830 கிராம் பக்கம்தான். ரெண்டு கேனும் கதவைத் தள்ளிக்கிட்டுப் போயிருச்சு. ஒண்ணு அடுத்த தோட்டத்து உடைமரத்தில் மாட்டிக் கிடந்தது, மூடி கெட்டியா இருந்ததால ஒரு சொட்டு சிந்தலை. இன்னொண்ணு போனது போனதுதான். இப்ப இடுப்பு உயரத்தில் கல்பலகை போட்டு அதுமேலே வச்சிருக்கேன். ஐப்பசி பிறந்ததும் கைப்பிடியில் நைலான் கயிறு கோத்துச் சுவரு கொக்கியில் கட்டிருவேன்.