பதின்மூன்று தொன் ‘பொம்மை’யில் ஏறுமுன்

பேர வாவியில் அன்னப் படகு மிதித்துப் பழகிய எங்களுக்கு, ஆள் உட்கார்ந்து ஓட்டும் மாதிரிக் கப்பலைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே வெளியே வழிநடத்தும் பைலட் வேலைக்கு ஆசைப்படும் தம்பி தங்கைமாரே, முதல் தவறு அந்தச் சிரிப்பு.

பிரான்ஸில் போர்ட் ரெவெல் ஏரியில் 1960களிலிருந்து இப்படியான மாதிரிக் கப்பல்களில் கப்பலோட்டும் பயிற்சி நடக்கிறது. அளவு 25இல் ஒன்று. 400 மீற்றர் கொள்கலன் கப்பல் அங்கே 16 மீற்றர். எங்கள் தெற்குத் துறைமுகத்தின் 18 மீற்றர் ஆழம் 72 சென்ரிமீற்றராகிவிடும். எடை மட்டும் 25 × 25 × 25, அதாவது 15,625இல் ஒரு பங்கு. அப்படியும் இரண்டு இலட்சம் தொன் கப்பலுக்கு ஏறக்குறைய 13 தொன் வரும்.

மாதிரிக் கப்பல் இறங்குதுறையில் முட்டப்போகிறதென்றால் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். நீங்கள் 10 கிலோ விசையில் தள்ளினால், அதே 15,625 மடங்காகி, நிஜக் கப்பலை 156 தொன் விசையில் தள்ளிய கணக்கு. பெரிய கப்பல்களை இழுத்துத் தள்ளும் நல்ல டக் படகு இரண்டு சேர்ந்து தரும் பலம் அது! முட்டட்டும், பரவாயில்லை, எந்த இடத்தில் பிசகியது என்று பிறகு இருந்து பேசத்தானே போயிருக்கிறீர்கள். எழுந்து நின்று பார்ப்பதும் இதே மாதிரிக் கள்ளத்தனம்தான். ஆசனத்தில் இருந்தால் உங்கள் கண், கப்பலை நடத்தும் மேல்தட்டு அறையான பிரிட்ஜின் உயரத்தில் இருக்கும். ஒரு மீற்றர் எழும்பினால் 25 மீற்றர் ஏறியதாகிவிடும்.

ஆனால் அனுபவசாலிகளையும் கவிழ்ப்பது நேரம். நீளம் 25 மடங்கு குறைந்தால் நேரம் அதன் வர்க்கமூலமான 5 மடங்குதான் குறையும், வேகமும் அப்படியே. ஏரியில் ஒரு மணித்தியாலம் ஓட்டினால் கடலில் ஐந்து மணித்தியாலம் ஓட்டியதற்குச் சமம். நீங்கள் இரண்டு விநாடி யோசித்தால் நிஜத்தில் பத்து விநாடி போய்விட்டது. காற்றுக்கும் இதே கணக்கு. மணிக்கு 10 கிலோமீற்றர் காற்றென்றால் காலிமுகத்திடலில் பட்டம்கூடச் சரியாக எழும்பாது. அந்த மாதிரிக் கப்பலுக்கோ அது 50. ‘இன்றைக்குக் காற்றே இல்லை’ என்று பேசியபடி புறப்பட்டால் கரையில்தான் போய் நிற்பீர்கள்.

கம்பியூட்டர் சிமுலேட்டரில் எல்லாம் செய்தாயிற்றே என்று நினைப்பவர்களும் உண்டு. சர்வதேச கடல்சார் அமைப்பின் 2003ஆம் ஆண்டுப் பரிந்துரை சிமுலேட்டர், மாதிரிக் கப்பல் இரண்டையும்தான் சொல்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் கப்பல் அமிழ்வதையும் கரையோரத்தில் பின்புறம் கரைப்பக்கம் இழுபடுவதையும் சிமுலேட்டர் கணக்குப் போட்டுக் காட்டும். ஏரியில் தண்ணீரே செய்து காட்டும்.

சரி, பயிற்சி முடித்துக் கொழும்புக்கு வந்துவிட்டீர்கள். பெரிய கப்பலின் பிரிட்ஜில் நின்று ‘ஸ்டார்போர்ட் 20’, அதாவது சுக்கானை வலப்பக்கம் 20 பாகை திருப்பு, என்கிறீர்கள். நான்கு விநாடியாகியும் மூக்கு அசையவில்லையே என்று பதறி, சுக்கானை இன்னும் கூட்டச் சொல்லாதீர்கள். ஏரியின் நான்கு விநாடி, இங்கே இருபது.