நீங்கள் சொல்லும் பரிந்துரைக்குக் கமிஷன் உண்டு

நாம் வெப்சைட் செய்து தருபவராக இருந்தாலும் சரி, கணக்கு எழுதுபவராக இருந்தாலும் சரி, "எந்த ஹோஸ்டிங் (வெப்சைட்டை இணையத்தில் வைக்கும் இடம்) வாங்கட்டும்? எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று வாடிக்கையாளர் நம்மிடம்தான் கேட்கிறார். நாம் பெயரைச் சொல்கிறோம், அவர் கூகுளில் தேடி வாங்கிவிடுகிறார். அந்த நிறுவனத்தில் அஃபிலியேட் திட்டம் (நம் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் நமக்குக் கமிஷன் தரும் திட்டம்) இருந்தால் உங்களுக்கான லிங்க்கை வாங்கி வைத்து, அதையே அனுப்புங்கள்.

எப்போது அனுப்புகிறோம் என்பது ரொம்ப முக்கியம். லிங்க்கைத் தட்டியதும், அவர் உங்கள் வழியாக வந்தவர் என்று காட்டும் குக்கி என்ற சிறு குறிப்பு பிரவுசரில் பதிவாகும். அதற்கு ஆயுள் உண்டு; பொதுவாக அதற்குள் வாங்கினால்தான் உங்களுக்குக் கமிஷன். அமேசானில் பொதுவாக 24 மணி நேரம்தான். பல சாஃப்ட்வேர் நிறுவனங்கள் 30 நாள், 90 நாள் வரை தருகின்றன. முதல் பேச்சிலேயே அனுப்பிவிடாமல், அவர் வாங்கப்போகிற சமயம் பார்த்து அனுப்புங்கள். அவருக்காக நீங்களே பணம் கட்டி வாங்கினால், பல திட்டங்களில் கமிஷன் கிடைக்காது. மெயிலில் லிங்க் அனுப்பலாமா என்பதையும் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிங்க்குக்குப் பக்கத்திலேயே, "இதன் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். பிற்பாடு அவராகத் தெரிந்துகொண்டால் மனசு சங்கடப்படும். நீங்கள் பயன்படுத்திப் பார்க்காததைச் சொல்லவே வேண்டாம். மக்கர் செய்தால் போன் உங்களுக்குத்தான் வரும். கமிஷன் தராத சாஃப்ட்வேர்தான் அவருக்குப் பொருந்தும் என்றால், தயங்காமல் அதையே சொல்லுங்கள்.