எடத்தப் பாக்குறதுக்கு முன்னாடி பேப்பரப் பாருங்க: பார்டர் பக்கம் முதல் தடவ நெலம் வாங்குறவங்களுக்கு

கோயம்புத்தூர், பொள்ளாச்சியில இருந்து வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டி கேரளாவுல இருக்குற கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் எடம் பாக்க நெறைய பேர் வர்றாங்க. வண்டிய விட்டு எறங்குனதும் பச்சப்பசேல்னு வயலு, நல்ல காத்து, அந்தப்பக்கம் மலை, அங்கயே மனசு விழுந்துருது. அதுக்கப்புறம் எவ்வளவு வெவரமான ஆளுக்கும் வில்லங்கம் கண்ணுல படாதுங்க. ஆசைய அடக்குங்கன்னு நான் சொல்லல, அது யாராலயும் ஆகாது, வேலைய செய்யுற வரிசைய மட்டும் மாத்துங்க.

முதல் வேலை, வீட்ல உக்காந்து ஒரு நோட்ல எழுதுறது. வீடு கட்டவா, விவசாயத்துக்கா, வெல ஏறுனா விக்கவா? மூணுக்கும் பாக்கவேண்டிய எடமே வேற. அதிகபட்சம் எவ்வளவுன்னு எழுதும்போது பத்திரச் செலவையும் சேத்துக்கோங்க. தமிழ்நாட்ல முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம், கேரளாவுல 8ம் 2ம் சேந்து 10. 30 லட்சத்துக்கு கெரயம் பண்ணுனா இங்க 2.7 லட்சம், அங்க 3 லட்சம். அதாவது அந்தளவுக்கு வெல ஏறுனாத்தான் உங்க மொதலே திரும்பும்.

ரெண்டாவது பேப்பர், இதத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லுவேன். எடத்துக்குப் போறதுக்கு முன்னாடியே ஜெராக்ஸ் வாங்கிருங்க. தமிழ்நாட்டுப் பக்கம்னா தாய்ப்பத்திரம், 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்எம்பி (எடத்தோட அளவு வரைபடம்), மனையா இருந்தா டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல். கேரளாவுல ஆதாரம் (அங்க பத்திரத்துக்கு அதுதான் பேரு), வில்லேஜ் ஆபீஸ்ல கரம், அதாவது நெலவரி கட்டுன ரசீது, தண்டப்பேர் (வில்லேஜ் ஆபீஸ் கணக்குல நெலம் யாரு பேருல இருக்குங்கற பதிவு), எடம் யாரு கைவசம் இருக்குன்னு காட்டுற பொசஷன் சர்டிபிகேட். அதுல ஒரே ஒரு வார்த்தைய தேடுங்க, "நிலம்"னு இருக்கா "புரையிடம்"னு இருக்கா? புரையிடம்னா மேட்டு நெலம், வீட்டு மனை மாதிரி; நிலம்னா அங்க நெல்வயல்னு அர்த்தம், 2008ல வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி நெனச்ச மாதிரி மண்ணு கொட்டி வீடு கட்ட முடியாது. வகைய மாத்தித் தர்றேன்னு புரோக்கர் சொன்னா, அந்த சர்வே நம்பர் டேட்டா பேங்க்ல, அதாவது நெல்வயல், ஈரநிலப் பட்டியல்ல இருக்கான்னு கிருஷிபவன்ல (அந்த ஊர் வேளாண்மை ஆபீஸ்) நீங்களே போய் கேளுங்க. உங்க மனச இழுத்த அந்த பச்ச வயலே வீடு கட்ட ஆகாத எடமா இருக்கலாம், இது பேப்பர்ல மட்டும்தான் தெரியும்.

அப்புறம்தான் நேர்ல போகணும், சித்திரை மாசம் மத்தியான வெயில்ல. கூட, அந்த எடத்து மேல ஆசை இல்லாத ஒரு ஆள கூட்டிட்டுப் போங்க, மச்சானோ சித்தப்பாவோ, எதுத்துப் பேசுறவரா இருந்தா ரொம்ப நல்லது. பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட போர் எத்தனை அடின்னும், கோடையில தண்ணி வருதான்னும் விசாரிங்க. தென்னந்தோப்பா இருந்தா எளநி குடிச்சுட்டு வந்துராம அண்ணாந்து மட்டையப் பாருங்க. ஓலை விலா எலும்பு மாதிரி உள்பக்கமா வளைஞ்சு, தொவண்டு, மஞ்சளடிச்சா வேர்வாடல் நோயா இருக்கலாம், வந்தா மரத்த குணமாக்க மருந்தில்லைங்க.

"நாளைக்கு வேற பார்ட்டி வருது, இன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் போடுங்க"ன்னு புரோக்கர் சொல்லுவாங்க. போடாதீங்க. எடம் பாத்த அன்னைக்கு பணம் குடுக்குறதில்லைன்னு நோட்டோட மொதல் பக்கத்துலயே எழுதிட்டு, ஒரு வாரம் கழிச்சு வக்கீல் பேப்பரப் பாத்ததுக்கு அப்புறம் பேசுங்க. போனா போகட்டும், வேற எடம் வரும்.

முதலீட்டுக்குன்னா ஒரு கணக்கு போடணும். முன்னாடி சொன்ன தமிழ்நாட்டுக் கணக்குப்படி பத்திரச் செலவோட 32.7 லட்சத்த 7 சதவீத எஃப்டியில போட்டா வருஷம் 2,28,900 ரூபாய் வட்டி. இந்த எடத்துல குத்தகையும் வெல ஏத்தமும் சேந்து அத தாண்டுமா? எது ஒன்னும் தாண்டாம "சொந்தமா ஒரு எடம் இருக்கட்டும்"னு மட்டும் தோணுனா, அது ஆசை, தப்பில்ல, ஆனா அத முதலீட்டுக் கணக்குல எழுதாதீங்க.

விக்கும்போதும் இதே வேலைதான். லாபம் வர்ற சந்தோஷத்த விட அதே அளவு நஷ்டம் ஜாஸ்தியா வலிக்கும்னு கானெமன், ட்வெர்ஸ்கிங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளங்க ரெண்டு பேரும் 1979லயே எழுதிட்டாங்க. அதனாலதான் "அன்னைக்கே 40 லட்சத்துக்கு கேட்டாங்க"ன்னு சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கா விக்காம வச்சிருப்போம். அந்த வெலைய மறந்துட்டு, இன்னைக்கு கையில அந்தப் பணம் இருந்தா இதே எடத்த இதே வெலைக்கு வாங்குவனான்னு கேளுங்க. மாட்டேன்னு வந்தா பக்கத்துல சமீபத்துல பதிவான ரெண்டு மூணு பத்திரத்தோட வெலைய விசாரிச்சு, அத வச்சு வெல சொல்லுங்க.